குணசேகரத்துக்குப் பிடித்தது

விபோர்க்
31.05.2009

தங்கமலர்,

இது நானே எழுதுகிற கடிதம். நீ நம்ப மாட்டாய். எமிலியா ரீச்சரைக் கொண்டு எழுதுவித்தது என்று நினைப்பாய். அவ எழுதியிருந்தால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். இது கோழி கிளறினது மாதிரி இருக்கிறது, பார்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்புக்குப் பின்னால் ரீச்சர் எனக்கு ஒரு கதிரை போட்டுத் தந்தா. இரண்டு மாரி அதில் இருந்து படித்தேன். குழந்தைகளின் கதிரை, எழும்பும்போது யாராவது கைபிடிக்க வேண்டும். இதை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். தைப்பொங்கலுக்கு ஒரு வாழ்த்து எழுதி அனுப்பி உன்னைத் திகைக்க வைக்கலாம் என்று இருந்தேன். தைக்கு எழுதவில்லை. இந்த வருஷம் தையில் யாருக்கு யார் வாழ்த்து அனுப்புவது?

சுருட்டுக் கொட்டிலில் இருந்த காலத்தில் ஒருவர் முன்னால் இருந்து பேப்பர் வாசிப்பார், நாங்கள் சுருட்டிக்கொண்டே கேட்போம். கதை, கட்டுரை, உலகத்துப் புதினம் எல்லாம் எனக்குக் காதால் தெரியும். எப்படி ஒரு வசனம் தொடங்கும், எப்படி முடியும் என்பது தெரியும். அதைக் கண்ணால் பிடிக்கத்தான் எழுபத்தொரு வயது ஆகியிருக்கிறது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போகிறது. மீன் தொழிற்சாலைக் குளிரில் மரத்த விரல்கள், பேனை வழுக்குகிறது. அழுத்தி எழுதுவதில் மேசையிலும் எழுத்துப் பதிந்திருக்கிறது. இருந்தாலும் தங்கமலர், உன் பெயரை நானே எழுதி நானே வாசித்தேன். எழுத்துக்கூட்டாமல், ஒரே இழுவையில்.

இனிச் சண்டைக்கு வருகிறேன். நீ போன் எடுக்கிறாய் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் போனில் சொன்னது நானாகக் கட்டினது இல்லை. இங்கே விபோர்க்கில் இருக்கிற தேவராசாவின் மச்சான் வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டான். எங்கள் கடைக்குட்டி குணசேகரம் தண்ணீர்க் கரையில் விழுந்ததைக் கண்ணால் கண்டேன் என்று அவன்தான் சொன்னான். தேவராசா என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். நான் என்ன செய்ய? உனக்கு எடுத்துச் சொன்னேன். செத்தவனுக்கு எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு செய்ய வேணும் என்றேன். நீ, "வாயைக் கழுவுங்கோ அண்ணை" என்று சொல்லிப் போனை வைத்தாய்.

எட்டு போய்விட்டது. முப்பத்தொன்றாம் நாளிலாவது அவனுக்குப் பிடித்ததை ஆக்கிப் படைக்க வேண்டும். அங்கிருந்து வந்த சனம் எல்லாம் கடைசியில் கஞ்சிதான் என்கிறார்கள், அதுவும் வரிசையில் நின்று தப்பியவர்களுக்கு. அவன் வெறும் வயிற்றோடு போயிருப்பான். சோற்றில் கை வைத்தால் எனக்கு அது ஒன்றுதான் நினைவு வருகிறது.

ஆனால் அவனுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அவன் பிறந்தபோது நான் கொட்டிலோடு போய்விட்டேன், சோறும் படுக்கையும் அங்கேதான். பிறகு கலியாணம், பிறகு டென்மார்க். ஒரு கோப்பையில் இருந்து அவனோடு சாப்பிட்ட ஞாபகம் இல்லை. அவனை வளர்த்தவள் நீ.

ஒரு வரி எழுதிப் போடு. என்னோடு கதைக்க வேண்டாம்.

கனகசபை


கோப்பன்ஹேகன்
04.06.2009

அண்ணை,

கவரின் மேலே யாரோ டெனிஸில் விலாசம் எழுதியிருந்தார்கள். நகரசபைக் கொமூன் கடிதமாக்கும் என்று தையல் மிசின் மேலே போட்டுவிட்டேன். அடுத்த நாள் வேலைக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் துடைப்பங்கள் வைக்கிற அறைக்குள் இருந்து உடைத்தேன். முதலில் உங்கள் எழுத்தைப் பார்த்து அழுதேன். பிறகு வாசித்தேன். பிறகு கோபம் வந்தது.

நீங்கள் எழுதப் படித்ததை எங்கள் அம்மா இருந்து கேட்டிருந்தால் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பா. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் முதன்முதலாக எழுதுகிற கடிதத்தில் இதுவா எழுத வேண்டும்?

தேவராசாவின் மச்சான் கண்டானாம். செல்குண்டு விழுகிற இடத்தில் ஓடுகிறவன் யாருடைய முகத்தைப் பார்ப்பான்? இங்கே ஒரு வீட்டில் செத்துப்போனான் என்று சொல்லி வெள்ளை விரித்து ஆட்கள் வந்து அழுது முடிந்த பிறகு, முகாமில் இருந்து பெடியன் போன் எடுத்தான். அந்தத் தாய் இப்போது சிரிக்கவும் மாட்டாள், அழவும் மாட்டாள். அப்படி எங்களுக்கும் ஆகலாம். ஆகாது என்று யார் சொன்னது?

அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் படைப்பீர்கள். படைத்தால் அவன் செத்தவன். நான் அவனைச் சாகடிக்க மாட்டேன்.

களைத்துப்போனேன் அண்ணை. விடியப் புறப்பட்டு நாலு மாடி துடைக்கிறேன். என்னோடு வேலை செய்கிற டெனிஸ்காரி, "உங்கள் நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டதாமே, நல்ல செய்தி" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். நானும் கட்டிப்பிடித்தேன். வேறு என்ன செய்வது?

உடம்பைக் கவனியுங்கள். குளிசை போட மறக்காதேங்கோ.

தங்கமலர்


விபோர்க்
09.06.2009

தங்கமலர்,

நீ சொல்லாவிட்டால் போ. நானே தேடிக் கண்டுபிடிப்பேன் என்று கடைக்குப் போனேன். சாமானைக் கண்டால் ஞாபகம் வரும் என்று நினைத்தேன்.

இங்கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வியட்நாம் அம்மாவின் கடை இருக்கிறது. முன்னர் மருமகள் துண்டு எழுதித் தருவாள், நான் அதைக் கொடுப்பேன், அவ எடுத்துத் தருவா, நான் பையைத் தூக்கிக்கொண்டு வருவேன். கடைக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. இந்த முறை துண்டில்லாமல் போனேன்.

தங்கமலர், இந்தியாவில் இருந்து வருகிற பக்கற்றுகளில் தமிழ் எழுதியிருக்கிறது! எத்தனை வருஷம் இந்தக் கையால் தூக்கியிருப்பேன். 'கடுகு' என்று ஒன்றில். நான் அதைச் சத்தமாக வாசித்துவிட்டேன். பின்பக்கத்தைத் திருப்பினேன், ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்று எழுதியிருக்கிறது. அதையும் வாசித்தேன். வியட்நாம் அம்மா நான் பழைய சாமான் என்று முறையிடப் போகிறேன் என்று பயந்து ஓடி வந்து, "நல்லது, நல்லது, புதுசு" என்று டெனிஸில் சொன்னா. "எனக்கு வாசிக்கத் தெரியும்" என்று நான் சொன்னேன். அவவுக்கு விளங்கவில்லை. கடுகை வாங்கிக்கொண்டேன். வீட்டில் கடுகு நிறைய இருக்கிறது.

பிறகு குளிர்ப்பெட்டிப் பக்கம் போனேன். தமிழ் எழுத்து இல்லாத சாமான்கள், படமும் வடிவமும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். முருங்கைக்காய் விரலளவு வெட்டி உறைந்து கிடக்கிறது. மரவள்ளி தோல் சீவின வெள்ளைக் கட்டை. ஊதா நிறத்தில் ஒன்று, எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்: இராசவள்ளிக் கிழங்கு! பிலிப்பைன்ஸில் இருந்து வருகிறதாம். அங்கே நின்ற ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு, நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "அம்மா, அம்மா" என்றாள். நானும் என் நெஞ்சைத் தொட்டு "அம்மா" என்றேன். இரண்டு பேரும் குளிர்ப்பெட்டியைத் திறந்தபடி நின்றோம். வியட்நாம் அம்மா வந்து மூடிவிட்டா.

குணசேகரத்துக்கு இராசவள்ளிக் கூழ் பிடிக்குமா? அம்மா காய்ச்சினால் சட்டியைச் சுற்றி நிற்கிற ஒரு சின்ன உருவம் எனக்கு ஞாபகம் வருகிறது. அவன்தானே?

பனங்கிழங்கு ஒடியல் மாவும் இருக்கிறது, மேல்தட்டில், தூசியோடு. நெத்தலிக் கருவாடு இருக்கிறது. பாகற்காய் இருக்கிறது, ஆனால் வெளிறி நீண்டு, சிங்கப்பூருக்குப் போய் வந்தவன் மாதிரி. எதைப் பார்த்தாலும் இதுவாக இருக்குமோ, இதுவாக இருக்குமோ என்று கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசி வரிசை மீன் ரின்கள். அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை. எஸ்பியர்க்கில் பதினைந்து வருஷம் அதை அடைத்தவனுக்கு அந்தத் தகரத்தைக் கண்டாலே மூக்கு மூடிக்கொள்ளும்.

நீ ஆம் என்று எழுத வேண்டாம். இல்லை என்றாவது எழுது. எனக்குத் தேடுகிறது கொஞ்சம் குறையும்.

கனகசபை


கோப்பன்ஹேகன்
12.06.2009

அண்ணை,

சட்டியைச் சுற்றி நின்றது நீங்கள். அம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்த கதை அது. கூழைத் தொட்டு நக்கி நாக்கைச் சுட்டுக்கொண்டதும் நீங்கள்தான். குணசேகரத்துக்கு இராசவள்ளி தின்றால் தொண்டை கடிக்கும். ஒடியல் கூழ் காய்ச்சுகிற நாளில் அவன் கிணற்றடிக்கு எழும்பிப் போய்விடுவான், "அக்கா, முடிஞ்சாப்பிறகு கூப்பிடு" என்று. கருவாடு தின்பான், ஆசைக்கு இல்லை, பசிக்கு. பாகற்காய் உங்கள் மனிசிக்குப் பிடித்தது. பாவம் அவ, அவவின் ஆசையையும் தம்பியின் தலையில் கட்டிவிட்டீர்கள்.

ஒருவருக்குப் பிடித்ததை இன்னொருவருக்குப் படைத்தால் அது யாருக்குப் போய்ச் சேரும்? ஐயரைக் கேளுங்கள்.

நானும் சனிக்கிழமை ஸ்டேசனுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் ஆட்களின் கடைக்குப் போனேன். அரிசி முடிந்துவிட்டது. முன்னர் அங்கே போனால் கதைக்கு இடம் காணாது. கத்தரிக்காய் எடுக்கிறவள் மகளின் சாமத்தியச் சடங்கைச் சொல்லுவாள், வெண்டிக்காயை முறித்துப் பார்க்கிறவளைக் கடைக்காரர் ஏசுவார். இப்போது யாரும் வெண்டிக்காயை முறித்துப் பார்ப்பதில்லை. கிடக்கிறதை அள்ளிப் பையில் போடுகிறார்கள். காசு மேசைக்கு மேலே இருந்த ரீவியைக் கடைக்காரர் நிறுத்தி, அதன் மேல் ஒரு துவாயைப் போட்டிருக்கிறார். போன் கார்ட் வாங்க மட்டும் ஒரு வரிசை நிற்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்தால், "தொடர்பு கிடைச்சதோ?" "இல்லை. உங்களுக்கு?" "இல்லை." அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் நின்றவ மாம்பழப் பெட்டியைத் தூக்கி, மணந்து பார்த்து, திரும்ப வைத்துவிட்டு, "என்னத்துக்கு?" என்றா. என்னிடம் கேட்கவில்லை. பெட்டியிடம் கேட்டா.

நான் ஏன் உங்களுக்கு இதெல்லாம் எழுதுகிறேன்? அவனுக்குப் பிடிக்காததை மட்டும்தான் எழுதினேன். பிடித்ததை எழுதவில்லை. இனிக் கேட்டு எழுத வேண்டாம்.

தங்கமலர்


விபோர்க்
17.06.2009

தங்கமலர்,

முப்பத்தொன்றும் போய்விட்டது. தேவராசாவின் மச்சான் சொன்ன நாளை வைத்து எண்ணினால் ஞாயிற்றுக்கிழமை. நான் படைக்கவில்லை. உன்னை மீறிச் செய்ய எனக்கு மனமில்லை, செய்யவும் தெரியவில்லை. கோயில் ஐயரிடம் கேட்டேன். "உடம்பு இல்லாட்டிலும் செய்யலாம் கனகசபை அண்ணை, ஆனால் மனம் உறுதியா இருக்க வேணும், இருக்கிற சகோதரங்கள் ஒண்டா நிண்டு செய்ய வேணும்" என்றார். மனம் உறுதியாக இருக்கிறதா என்று கேட்டார். "எனக்குப் பசிதான் உறுதியாக் கிடக்கு ஐயா, அவன்ர பசி" என்றேன். அவர் விபூதி தந்தார்.

வாங்கினதை எல்லாம் என்ன செய்வது? நானே சமைத்தேன். மருமகள், "மாமா, வீடெல்லாம் மணக்குது, ஜன்னலைத் திறவுங்கோ" என்று போனில் சொல்கிறாள், மேல்மாடிக்காரர் அவளுக்குப் போன் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். இராசவள்ளி கட்டியாய்ப் போய்விட்டது. மரவள்ளிக் கட்டை என்று எடுத்த பக்கற்று துருவினது, களியாக்குகிற சாமானாம், கறிக்கு உதவாது. எனக்கு எப்படித் தெரியும், அதில் தமிழ் எழுதியிருக்கவில்லையே. எல்லாவற்றையும் ஒரு கிழமை வைத்து வைத்துத் தனியாகச் சாப்பிட்டேன். இன்றைக்குத்தான் சட்டி கழுவினேன்.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். வியட்நாம் அம்மாவின் கடையில் காசு மேசைக்குக் கீழே, தரையில், சிவப்புப் பெட்டி மாதிரி ஒரு சாமித்தட்டு இருக்கிறது. தோடம்பழம், ஊதுபத்தி. பக்கத்தில் உடைத்த பியர் ரின் ஒன்று. நான் பயந்துபோனேன். "சாமிக்குப் பியரா?" என்று கேட்டேன். அவ சிரித்தா. சாமிக்கு இல்லையாம். பக்கத்தில் தள்ளி ஒரு சின்னப் படம், தம்பியாம், கடலில் வள்ளத்தில் வரும்போது போய்விட்டானாம். அவனுக்குப் பியர்தான் பிடிக்கும், தோடம்பழம் வைத்தால் அவன் திரும்பியும் பார்க்க மாட்டான் என்றா. பிறகு, "உங்களுடைய யுத்தம் முடிந்ததா?" என்று கேட்டா. "முடிந்தது" என்றேன். "எங்களுடையதும் முடிந்தது. நான் அப்போது சின்னப் பிள்ளை. முடிந்த பிறகுதான் களைப்பு வரும்" என்று சொல்லி எனக்குக் கொத்தமல்லியைச் சுற்றித் தந்தா.

எனக்கும் களைப்பு வந்துவிட்டது தங்கமலர். எழுதுகிறதில் உள்ள சந்தோஷம் மட்டும் போகவில்லை. சோகத்தை எழுதினாலும் எழுத்து வரும்போது உள்ளுக்குள் ஒரு பிள்ளை குதிக்கிறான். வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்.

இனிக் கேட்க மாட்டேன். நீ சும்மா எழுது. அரிசி விலை எழுது, மழை எழுது. எனக்கு வாசிக்க ஏதாவது வேண்டும்.

கனகசபை


கோப்பன்ஹேகன்
28.06.2009

அண்ணை,

வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் வந்தது. தெரியாத நம்பர். நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றவில்லை. எடுத்தேன். அருள்நாயகி.

தம்பியின் மனிசியின் குரல் எனக்குப் பிடிபடவில்லை. கிழவியின் குரல். முகாமுக்குள் யாரோ ஒருவரின் போனாம், பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்களாம். நான் கேட்க வேண்டி வராமல் அவளே சொன்னாள். "மச்சாள், நான்தான் மண் போட்டனான். கையாலதான் போட்டனான். கனக்கப் போடேலாமப் போச்சு." நான் என்னவோ சொன்னேன், ஞாபகம் இல்லை.

தேவராசாவின் மச்சான் கண்டது உண்மைதான்.

பிறகு அவள் சொன்னாள், கனகசபை அண்ணைக்குச் சொல்லுங்கோ என்று உங்கள் பெயரைச் சொல்லியே சொன்னாள். அன்றைக்குக் காலமை கஞ்சி கிடைத்ததாம். அவன் குடித்தானாம். தனக்குக் கிடைத்ததில் பாதியை அவளுக்கு ஊற்றிவிட்டு மீதியைக் குடித்தானாம். வெறும் வயிறாக இல்லை அண்ணை. அரை வயிறு. இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைக்குக் கதிரையில் இருந்தேன்.

"இஞ்ச எங்களை அடுப்பு மூட்ட விடமாட்டினம் மச்சாள், பார்சல் சோறுதான். அவருக்கு நீங்கள் அங்க ஏதாவது படையுங்கோ" என்றாள். பிறகு போனைப் பின்னால் நின்றவர் வாங்கிவிட்டார்.

இனி நான் சொல்லலாம்.

அவனுக்குப் பிடித்தது மீன் ரின்.

சிரிக்காதேங்கோ. அழவும் வேண்டாம். உங்களுக்குக் கடைசிவரை சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். சின்ன வயதில் நெருப்புக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தான், நீங்கள் கொட்டிலில். சோறு இறங்கவில்லை. எங்கள் அப்பு சங்கக்கடையில் ஒரு மீன் ரின் வாங்கி வந்து, பேக்கரிச் சூட்டுப் பாணில் வைத்துக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். மீனவர் வீட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டு, துள்ளுகிற மீனை விட்டுவிட்டு, "அக்கா, தகர மீன் இல்லையே?" என்று கேட்கிறவன். பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று அம்மா ரின்னைப் பானைக்குள் ஒளித்து வைப்பா.

நீங்கள் எஸ்பியர்க்கில் அந்த வேலைக்குப் போனது தெரிந்த நாளில் இருந்து அவனுக்குப் பெரிய பெருமை. சமாதான காலத்தில் வன்னியில் இருந்து போன் எடுத்தால் இதுதான் பகிடி. "அக்கா, நேற்று ஒரு ரின் உடைச்சனான். அண்ணை அடைச்சது. பார்க்கத் தெரியுது, நல்லா அமத்தி அடைச்சிருக்கு."

நான் சொல்லுவேன், "விசரா, அது எங்கயோ சிலி நாட்டு ரின். வெளியில எழுதியிருக்குமே!"

அவன் சொல்லுவான், "எழுதினவனுக்குத் தெரியுமே அடைச்சவன் ஆரெண்டு?"

உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றான். "அண்ணைக்கு அந்த மணம் வயித்தைக் குமட்டுமெண்டு சொன்னவர், அவர் கஷ்டப்பட்டு அடைக்கிறதை நான் ருசிச்சுத் தின்னுறன் எண்டு தெரிஞ்சால் மனம் நோகும்" என்றான். நோகுமா? எனக்குத் தெரியவில்லை. அவன் அப்படி நினைத்தான்.

இனிக் கவனமாக வாசியுங்கள். தக்காளிச் சாறு விட்ட ரின்னாக வாங்குங்கள். ஆக்கக் கூடாது. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, தேசிக்காய் பிழிந்து, அப்படியே. தேசிக்காயும் மிளகாயும் உங்கள் வியட்நாம் அம்மாவிடம் நல்லதாக இருக்கும். பாண் சூடாக இருக்க வேண்டும், வெள்ளைப் பாண், டெனிஸ்காரரின் கறுப்புப் பாண் வேண்டாம். ஐயருக்குச் சொன்னால் ஏதாவது சொல்லுவார். சொல்ல வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை விடிய ரயில் எடுக்கிறேன். லங்கோவில் மாறி வர வேண்டும். நான் வருமட்டும் ரின்னை உடைக்காதேங்கோ.

தங்கமலர்


விபோர்க்
01.07.2009

தங்கமலர்,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை எழுத்துக்கூட்டி. இரண்டாம் முறை கண்ணாடி புகார் மூடி மங்கிவிட்டது. மூன்றாம் முறை சத்தமாக, கொட்டிலில் வாசிக்கிறவர் வாசிப்பது போல, நிறுத்தி நிறுத்தி. அவனுடைய பகிடி வந்த இடத்தில் நான் சிரித்தேன். அவன் சிரிக்கத்தான் சொல்லியிருக்கிறான்.

எனக்கு நோகவில்லை. அதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

ஆசியக் கடை எல்லாம் அளந்து திரிந்தேன். அது என் வீட்டுக்கு முன்னால் இருக்கிற டெனிஸ் கடையில் அடுக்கி வைத்திருக்கிறது, பாண் தட்டுக்குப் பக்கத்தில். எடுக்கக் கையை நீட்டினேன், மூக்கு மூடிக்கொள்ளவில்லை. ரின்னைக் கையில் வைத்து மூடியின் விளிம்பைத் தடவினேன். விரல்களுக்கு அது இன்னும் தெரிகிறது. நன்றாக அமர்த்தி அடைத்திருக்கிறார்கள்.

மேலே எந்த ஊர், எந்தத் தொழிற்சாலை என்று டெனிஸில் எழுதியிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒருவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத் தமிழ் எழுத்துத்தான் வாசிக்கத் தெரியும். அதனால் அது நான் அடைத்ததாகவே இருக்கட்டும்.

தேசிக்காய், மிளகாய், வெங்காயம் வாங்கிவிட்டேன். யாருக்கு என்று வியட்நாம் அம்மா கேட்டா. தம்பிக்கு என்றேன். நல்ல தேசிக்காயாகப் பார்த்துத் தெரிந்து தந்தா.

இரண்டு ரின் வாங்கினேன். ஒன்று அவனுக்கு. மற்றதை நீயும் நானும் சாப்பிடுவோம். நான் இதுவரை சாப்பிட்டது இல்லை.

ஸ்டேசனில் நிற்பேன். பாண் இன்னும் வாங்கவில்லை. சனிக்கிழமை காலைதான் வாங்குவேன், சூடாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய்.

அண்ணை